பெனிஷா ஐ.ஆர். படித்த கதை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. வெளிநாட்டு விசா ஃபாரம் நிரப்பித் தரும் ஒரு கடையில், என் ஃபோட்டோ சரியில்லையென்று மூன்று முறை திருப்பியனுப்பிய பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டது. "என்னம்மா படிச்சிருக்க?" என்று எரிச்சலில்தான் கேட்டேன். "எம்.ஏ. ஐ.ஆர்., இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் சார்" என்றாள். அடக் கடவுளே என்று வாய்விட்டே சொல்லித் தொலைத்தேன். மீதியெல்லாம் என் கற்பனை.

2.

முதல் வரி இப்படி இருந்தது: 'உலக வரைபடத்தின் முன் நின்ற பெனிஷாவின் கண்களில்…'

(வேண்டாம். எனக்கே அலுத்துவிட்டது.)

அடுத்தது: 'ஐ.ஆர். படித்தால் சோறு கிடைக்குமா என்பது இன்றைய…'

(இது கட்டுரை. பேப்பர்காரன் எழுதட்டும்.)

சரி, நேராகவே போகிறேன். பெனிஷாவுக்கு இருபத்தாறு வயது, லாஸ்பேட்டையில் வீடு. படித்து முடித்த நாலு வருஷத்தில் எழுதாத பரீட்சை இல்லை, ஏறாத படி இல்லை. கடைசியில் வீட்டில் சொல்லாமல் சேர்ந்தது இந்த ஃபாரம் கடையில்தான். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருக்காக ஃபைலும் கையுமாகப் பிரெஞ்சு கான்சுலேட்டுக்குள் நுழைந்தாள். ஸ்கூட்டரில் இறக்கிவிட்ட அப்பா லூர்துபிரகாஷ், மகளுக்கு அங்கேயே வேலை என்று தானாக முடிவுகட்டிவிட்டார். அன்று சாயங்காலமே அன்பியத்தில்* முழங்காலிட்டு, "எம்பொண்ணுக்கு கான்சுலேட்ல வேல குடுத்தீரே, உமக்கு நன்றி ஆண்டவரே" என்று அழுதார். தெருவே "நன்றி ஆண்டவரே" என்றது.

* தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபிப்பது. அங்கே சொன்னது விடிவதற்குள் ஊர் சுற்றிவிடும்.

செபத்தை எப்படித் திருத்துவது? அவள் வாயைத் திறக்கவில்லை. மறுவாரமே அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவரும் திறக்கவில்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டது.

3.

இப்போது சித்தி மகள் லினெட் வந்து நிற்கிறாள். பிளஸ் டூ முடித்தவள். கையிலுள்ள ஃபோனில் காலேஜ் அப்ளிகேஷன். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

"அக்கா, பி.காமா, ஐ.ஆரா? நீ சொல்றதுதான். ஒன்ன மாதிரி கான்சுலேட்ல போயி ஒக்காந்துடணும்."

லூர்துபிரகாஷ் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். ரொம்ப நேரமாக அதே பக்கம்.

பெனிஷா அந்தப் பேப்பரையே பார்த்தாள். சொன்னால் அப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை தன்னை நம்பிக் கிணற்றில் குதிக்கும்.

4.

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். அப்பா ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்.

முடிவு ஆ: "எடுடி, நல்ல கோர்ஸ்" என்கிறாள். லினெட் அவளைக் கட்டிக்கொள்கிறாள். (இதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.)

முடிவு இ: திடீரென்று நெட் போய்விட… சீ, இந்த வயதில் இப்படியா தப்பிப்பது!

5.

அடுத்து நடந்ததை நான் யோசித்து வைக்கவில்லை. லூர்துபிரகாஷ் தானாகவே பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"சொல்லிடு பாப்பா. அன்பியத்துல நா பேசிக்கறேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடை, பசை, ஸ்டேப்ளர், வேலை தேடிய நாலு வருஷம். லினெட் பெரியப்பாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் படிப்பே வேஸ்ட்டா க்கா?"

"வேல கெடைக்கலடி."

"அதக் கேக்கல. படிக்கறப்போ ஒனக்குப் புடிச்சிருந்துதா?"

நாலு வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. இத்தனை பக்கம் கிழித்துப் போட்ட எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"உசுரா இருந்துச்சிடி" என்றாள் பெனிஷா. கண் கலங்கிவிட்டது. "அதனாலதான் ஒனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

மணி நாலு நாற்பது. எனக்கும் தெரியவில்லை, கை ஓய்ந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை லினெட்டிடம் சொல்லுங்கள். அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.