மன்னர் பேசிய தமிழ்

லிப்ட் மெக்கானிக்குக்குச் சந்தேகப்படுவதுதான் பிழைப்பு. ஒழுங்காக ஓடுகிற லிப்டிலும் காதை வைத்துக் கேட்பார். அந்தக் காதை வீட்டுக்கும் எடுத்து வந்ததுதான் வினை.

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருப்பவள். சில மாதங்களாக, வேலை முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாள். எதையோ தட்டுகிறாள், தனக்குத் தானே சிரிக்கிறாள். இவர் தலை தெரிந்தால் பட்டென்று மூடுகிறாள். ஒருநாள் எட்டிப் பார்த்ததில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது: "இன்னும் எத்தனை நாள் அவரைச் சகிச்சுக்கிட்டு இருப்பே?"

அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எவனோ ஒருவன் அவளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். அந்தப் பயம் வாயைத் திறந்தால் விசாரணையாகத்தான் வெளியே வந்தது.

கூட வேலை செய்யும் ஒல்லிப்பிச்சானைக் குண்டூசி என்பார்கள். அவனுக்கு ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் மேல் பைத்தியம். பழைய ராஜ்யம், போர், ஆவிகள் என்று போகும் கதை. மதியம் மோட்டார் அறையில் சாப்பிடும்போது போனை இவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அண்ணே, செத்த சிப்பாய்ங்க எல்லாம் நாணலா முளைச்சு நிக்கறாங்க பாருங்க. காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் அவங்கவங்க ஊர்ப் பக்கம்தான் சாய்வாங்க. இந்தக் காட்சிக்கே என் சொத்தை எழுதி வைக்கலாம்."

"உனக்கு ஏதுடா சொத்து?"

"அதை விடுங்க. இதுக்குத் தமிழ் சப்டைட்டில் போடறது யாரோ ஒரு ரசிகர். பேரே சொல்லல. மன்னர் வாயைத் திறந்தா பக்கத்து வீட்டு ஆள் மாதிரியே இருக்கும்."

நாணல் காட்சி மெக்கானிக்கையும் பிடித்து உட்காரவைத்துவிட்டது. அடுத்து மன்னர் வந்தார். யாரையும் நம்பாத ஆள். மந்திரியைத் துருவித் துருவி விசாரித்துவிட்டு, தோளைத் தட்டி, "சும்மாதான் கேட்டேன்" என்பார். மறுநாள் மந்திரியின் நாற்காலி காலி. மெக்கானிக் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு ராணி தாமதமாக வந்தாள். மன்னர் நிதானமாகக் கேட்டார்: "குதிரை கிடைக்கலையா, கிடைச்சும் ஏறலையா?"

மெக்கானிக் சிரிப்பை நிறுத்தினார். போன வாரம் மனைவியை வாசலில் நிறுத்தி அவர் கேட்ட கேள்வி அது. பஸ்ஸுக்குப் பதில் குதிரை, அவ்வளவுதான். "சும்மாதான் கேட்டேன்" என்று முடித்ததும் அவரேதான். அடுத்த காட்சியில் ராணியிடம் அவள் அக்கா கேட்டாள்: "இன்னும் எத்தனை நாள் அவரைச் சகிச்சுக்கிட்டு இருப்பே?"

"எப்படிண்ணே மன்னர்? அச்சு அசல் கிறுக்கு இல்ல?" என்றான் குண்டூசி.

"ம்" என்றார்.

எவனும் இல்லை என்ற நிம்மதி பாதி வழிகூட வரவில்லை. வெட்கம்தான் வீடு வரை கூட வந்தது. மனைவி வழக்கம்போல லேப்டாப்பை மூடினாள்.

"மூடாதம்மா. அந்த நாணல் காட்சி பார்த்தேன். தமிழ் ரொம்ப நல்லா இருக்கு."

இப்போது சந்தேகப்படுவது அவள் முறை. அவர் முகத்தையே பார்த்தாள். கிண்டல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி திறந்தாள்.

"மன்னர் திருந்துவாரா?" என்று கேட்டார்.

"தெரியல. கடைசிப் பகுதியில ராணி கோட்டையை விட்டுக் கிளம்பிடறா. மன்னர் பின்னாலயே ஓடிவந்து கூப்பிடறாரு."

"என்ன சொல்லி?"

"அந்த வரிதாங்க எழுத வரல. இதுவரைக்கும் மன்னர் பேசினது எல்லாம் உங்க வாயிலேர்ந்து எடுத்ததுதான். ஆசையாக் கூப்பிடற மாதிரி ஒண்ணு மட்டும், எவ்வளவு யோசிச்சாலும் நீங்க சொன்னதா ஞாபகம் வரமாட்டேங்குது."