வாத்துக்கால் மகாராணி

என் அக்காவுக்குக் குழந்தைகள் இரண்டு. மூன்றாவது ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது என்று அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, சொல்வார். அக்கா அருங்காட்சியகத்தில் பறவைக் கூடத்துக்குப் பொறுப்பாளர். அங்கே நிற்கும் பஞ்சடைத்த கடல் பறவை ஒன்றுக்கு அவள் வைத்த பெயர் மகாராணி. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பறக்க உதவாத குட்டைச் சிறகு. அந்த இனத்தில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. கடைசிக் கடைசியாகப் பிடிபட்டவர்களில் ஒருத்தி இவள். அக்கா இவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தூசி தட்டும் பிரஷ்ஷைக்கூட வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

என் வேலை வேறு. செத்து எத்தனையோ காலமான எலும்பு, தோல், பல் இவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் படிப்பது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் பாதி இந்தப் பறவையைப் பற்றி எழுதியவர்கள் மேல்தான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பாட்டு. இது மந்தமான பறவை, இனமே நோஞ்சான், வேட்டைக்காரர்கள் வருவதற்கு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது, யாரும் தொடாவிட்டாலும் தானாகவே போயிருக்கும். அடித்துத் தின்றுவிட்டு, இறகைப் பிடுங்கித் தலையணைக்குள் அடைத்துவிட்டு, தானாகவே செத்தது என்று எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது பொய்யா மெய்யா என்று மகாராணியின் உடம்பே சொல்லிவிடும். அவளுக்குள் அம்மா கொடுத்த டி.என்.ஏ. ஒரு பிரதி, அப்பா கொடுத்தது ஒரு பிரதி. இனம் தேய்ந்து, மிச்சம் இருந்த நாலைந்து குடும்பங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்திருந்தால் இரண்டு பிரதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கூட்டம் கூட்டமாக வாழ்ந்த இனம் என்றால் இரண்டும் இடத்துக்கு இடம் வித்தியாசப்படும். இதே இனத்தின் மிகப் பழைய எலும்புகளில் அந்த வித்தியாசம் நிறையவே இருந்தது. கடைசிக் காலத்துப் பறவையிலும் அது இருக்கிறதா என்று பார்த்தால்தான் எல்லார் வாயையும் அடைக்க முடியும்.

"அரிசி அளவு தோல் போதும்க்கா" என்றேன்.

"அரிசி அளவுன்னுதாண்டி ஆரம்பிப்ப. அப்புறம் காலையே கேப்ப."

மாதக்கணக்கில் கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வெட்டின இடம் பார்வையாளர் யார் கண்ணிலும் படக் கூடாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து போய், அவளே இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். சுவரைப் பார்த்த இடது கால், உள்விரலின் அடிப்பக்கம். நான் கத்தியை வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்கு ஊசி போட்டபோதுகூட அவள் அப்படிச் செய்ததில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. தலை முதல் கால்வரை மூடிய உடை, முகமூடி, கைக்கு உறை மேல் உறை. நம் முடி ஒன்று, எச்சில் துளி ஒன்று விழுந்தாலும் பழைய டி.என்.ஏ.வை நம்முடையது அமுக்கிவிடும். அத்தனை பத்தியமும் இருந்து, அரைத்து, கரைத்து, இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். விடை வந்தது. வாத்து.

ஆமாம், வாத்து. குளத்தில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு திரியுமே, அதே வீட்டு வாத்து.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நாங்கள் எப்போதும் ஒரு வெறும் குழாயையும் கூடவே ஓட்டுவோம். அதில் தோலோ எலும்போ எதுவும் போடுவதில்லை. வாத்து என் பக்கத்திலிருந்து வந்திருந்தால் அந்தக் குழாயிலும் வந்திருக்க வேண்டும். வெறும் குழாய் வெறுமையாகவே இருந்தது. மிச்சமிருந்த துணுக்கையும் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் வாத்துதான்.

நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அக்காவின் பறவைக் கூடத்துக்குப் போனேன். என் கெட்ட நேரம், இயக்குநரும் அங்கே இருந்தார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், அதனால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்று பெயர். நான் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும் அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

"எடுத்துடுங்க" என்றார் அக்காவிடம். "அடுத்த மாசம் கூடத்தைப் புதுப்பிச்சுத் திறக்கறோம். அழைப்பிதழ் முழுக்க இதோட படம். போலின்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

"திறப்பு விழா வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றாள் அக்கா. அவர் அரை மனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் உயிராய்ப் பார்த்துக்கொண்டதை நான் ஒரு துண்டுத் தோலால் வாத்தாக்கிவிட்டேன். எனக்கு அழுகையாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் நேராக டீ போடப் போய்விட்டாள். மாமா என்னைப் பார்த்து, "வாங்க டாக்டர், அடுத்தது என்னையும் டெஸ்ட் பண்ணி ஆடுன்னு சொல்லிடாதீங்க" என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. டி.வி. பக்கத்தில் இருந்த பூச்சாடியைச் சும்மா கையில் எடுத்தேன். பின்பக்கம் வாயிலிருந்து அடிவரை ஒரு விரிசல், பசை வழிந்து காய்ந்திருந்தது.

"ஐயோ, அதைத் திருப்பாத" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "தூசி தட்டும்போது நான்தான் போட்டு உடைச்சேன். ஒட்டி, சுவத்துப் பக்கமா திருப்பி வச்சிருக்கேன். உங்க அக்காவுக்கு இன்னும் தெரியாது."

பூச்சாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு சமையலறைக்கு ஓடினேன்.

"அக்கா, அந்தக் காலை எதுக்குக் காட்டின?"

"எந்தக் காலை?"

"மகாராணி காலை. இடது காலைத்தானே வெட்டச் சொன்ன. ஏன்?"

"யாருக்கும் தெரியாதுன்னுதான்."

"உனக்கு முன்னாடி எவனோ ஒருத்தனும் அப்படித்தான் யோசிச்சிருக்கான். கால் பூச்சி அரிச்சுப் போயிருக்கும். கைக்குக் கிடைச்ச வாத்துக் காலை ஒட்டி, கறுப்புப் பெயின்ட் அடிச்சு, யாருக்கும் தெரியாம அந்தப் பக்கத்தைச் சுவத்துக்குத் திருப்பிட்டான். ஒட்டு போட்டதை எல்லாரும் அங்கதான் ஒளிப்பாங்க. நாமளும் போயும் போயும் அதையேதான் வெட்டியிருக்கோம்."

டீ பொங்கி வழிந்தது. அக்கா அடுப்பை அணைக்கவே இல்லை, நான்தான் அணைத்தேன்.

"அப்ப மீதி?" என்றாள்.

"தெரியலை. முன்பக்கம் வெட்டினாதான் தெரியும். எல்லாரும் பாக்கற கால்ல."

அவள் மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலைல வா" என்றாள். "இந்தத் தடவை நானே புடிச்சுக்கறேன்."

மறுநாள் வலது காலை அவள் பிடித்துக்கொண்டாள், நான் வெட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. வயிற்றுப் பக்கத்திலும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொள் என்று அவளே சொன்னாள். பிறகு காத்திருந்தோம். அக்கா தினமும் போன் செய்து, "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாள்.

வந்தது. வலது காலும் வயிறும் மகாராணியேதான், பழைய எலும்புகளுக்கு உறவுக்காரி. அதற்கும் மேலே, அம்மா பிரதியும் அப்பா பிரதியும் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசப்பட்டன. பழைய எலும்புகளில் இருந்த அதே அளவு. நோஞ்சான் இனம் என்பதற்குப் பொட்டு அடையாளம்கூட இல்லை. ஒரு பறவையை வைத்து இனத்தின் முழுக் கதையும் சொல்ல முடியாதுதான். ஆனால் தேய்ந்து போயிருந்தால் இவள் உடம்பு இப்படி இருக்கவே இருக்காது. தடியோடு நாம் கரையிறங்கும்வரை இவர்கள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள்.

போனில் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு, "ஒரு கால் மட்டும் வாத்தாடி" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். நானும் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன். மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

திறப்பு விழா அன்று கூட்டம் நெரிந்தது. மகாராணி பெட்டிக்கு முன்னால்தான் கும்பல் அதிகம், ஒரே சிரிப்பு. முண்டியடித்துப் போய்ப் பார்த்தேன். அக்கா அவளை மொத்தமாகத் திருப்பி வைத்திருந்தாள். இத்தனை காலம் சுவரைப் பார்த்த இடது கால் இப்போது விளக்கு வெளிச்சத்தில் முன்னால் நின்றது. பெயின்ட்டைச் சுரண்டி எடுத்திருந்தாள். மங்கிப்போன மஞ்சளில் அசல் வாத்துக்கால். கீழே புது அட்டை:

"இவளுடைய ஒரு கால் வாத்துடையது. மற்றதெல்லாம் இவளுடையது. இவள் இனம் நலமாக இருந்தது. நாம் கொன்றோம்."

சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தவர்கள் கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் விடாமல் பார்த்தார்கள்.

பார்க்கலாம் சாரும் அட்டையை இரண்டு தரம் படித்தார். "கொன்றோம்னு வேணுமா? அழிந்துபோனதுன்னு மாத்திக்கலாமே. சரி, பார்க்கலாம்."

"நல்லா பாருங்க சார்" என்றாள் அக்கா. "அதுக்குத்தானே இந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன்."

அவர் பார்த்தார். அட்டையை யாரும் மாற்றவில்லை. சாயங்காலம் அக்கா வீட்டில் டீ குடித்தபோது பூச்சாடியும் விரிசல் முன்னால் தெரியத் திரும்பியிருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.