வரைபடத்தில் ஒரு கதவு

மார்ச் 10, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அது சிறியதுதான் என்று நானே முடிவு கட்டுவது சரியா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் பிரிவில் எல்லோரும் அன்றாடம் செய்வதுதான்.

தீயணைப்புத் துறையின் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, திரையரங்கு என்று மக்கள் கூடும் கட்டடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதி வருவார்கள். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. ஆய்வாளர்களோ வெயிலில் அலைந்த அலுப்பில் பாதிக் கட்டங்களைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்போது போன வருடத்து அறிக்கையைத் திறந்து, அதில் இருப்பதையே மறுபடி எழுதிவிடுவோம். இதற்கு எங்கள் பிரிவில் 'நிரவுவது' என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் கற்றுக்கொடுத்தது இது ஒன்றைத்தான். வெற்றிடம் விட்டால் கம்ப்யூட்டருக்குக் கோபம் வரும், அதைக் கோபப்படுத்தினால் எனக்குக் கோபம் வரும் என்றார்.

காலையில் நிரவியவற்றில் ஒன்று, 'இரண்டாவது வெளியேறும் வழி' என்ற கட்டம். கட்டடம்: பழைய விதைக் கிடங்கு, பின்தெரு. போன வருடம் 'உண்டு, பயன்பாட்டில் உள்ளது' என்றிருந்தது. அதையே அடித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டேன். தவறு அதுதான். அது தவறு என்பது மாலைதான் தெரிந்தது.

மாலையில் எனக்கு வகுப்பு. பொது நூலகத்தின் மாடியில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த வாரம் நாங்கள் உட்கார்ந்திருக்கும் மாடிக் கூடத்தையே அளந்து, இருவர் இருவராக வரைய வேண்டும். என்னோடு சேர்ந்தது டெய்லரக்கா. துணிக்கடை ஒன்றில் வெட்டும் மேசையில் வேலை செய்பவர். என் வேலை தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை 'ஃபைலு' என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது வகுப்பில் எல்லோருக்கும் நான் ஃபைலுதான். அலுவலகத்தில் என்னை யாரும் எப்படியும் கூப்பிடுவதில்லை. தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வகுப்பின் நீளமான டேப்பை முன்வரிசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்கா தன் பையிலிருந்து துணி அளக்கும் டேப்பை உருவினார். கூடத்தின் நடுவில் இருக்கும் தூணைச் சுற்றிப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதிக்க ஃபைலு. இடுப்பு ரொம்பப் பெருத்துப்போச்சு. பழைய அளவு செல்லாது."

நான் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது.

பின்சுவரை மட்டும் சரியாக அளக்க முடியவில்லை. உடைந்த மேசைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேசைகளுக்கு மேலே ஒரு கதவின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. கடைசியாக, தாளின் மூலையில் கட்டட எண்ணைக் குறிக்க வேண்டும் என்றார் வாத்தியார். அக்கா கீழே போய், படிக்கட்டு அடியில் இருக்கும் தகட்டைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தார். பாதி படிக்கும்போதே மீதி எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் நான் அடித்த எண்.

நூலகம் வருவதற்கு முன்னால் இது விதைக் கிடங்காக இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆவணத்தில் பழைய பெயரே தங்கிவிட்டது. நான் எப்போதும் முன்தெரு வழியாகவே வருகிறவன். தினமும் உட்காரும் கூடத்தைத்தான் ஏற்றுகிறேன் என்று தெரியாமலே ஏற்றியிருக்கிறேன்.

அப்படியானால் அந்த இரண்டாவது வழி இந்தக் கதவாகத்தான் இருக்க வேண்டும் என்று, அதை வெளிப்பக்கம் திறக்கும் கதவாக வரைந்தேன். ஆவணத்தில் இருப்பதை வரைபடத்தில் விடக்கூடாதே என்று நினைத்தேன். அந்த ஆவணத்தை எழுதியதே நான்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வீடு என்றால் அக்கா வீடு, கூடப் பிறந்த அக்கா. அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள். கூடத்தில்தான் நான் பாய் போட வேண்டும், கூடத்தில்தான் டிவி இருக்கிறது. அக்கா நல்லவள், மாமாவும் நல்லவர். அவர்கள் கால் நீட்டி உட்காரும் இடத்தில் நான் படுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பு இருக்கும் நாளில் நான் வரும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். என் தட்டு மூடியிருக்கும். யாருக்கும் தொந்தரவில்லை. வகுப்பில்லாத நாட்களில் தெருக்களைச் சுற்றிவிட்டு வருகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்புக்கு முன்னால் பின்தெருவுக்குப் போனேன். இத்தனை நாளில் முதல் தடவை.

சுவரில் ஒரு படிக்கட்டு இருந்த தடம் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வேறு நிறம், வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. படிகள் இல்லை. மேலே, சுவரில் மாட்டிய படம் மாதிரி, ஒரு கதவு. கீழே தகரக் கொட்டகையில் இருசக்கர வண்டிகள். நூலகக் காவலாளி ஒரு முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டு எங்கே என்று கேட்டேன். வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று இடித்துவிட்டார்களாம். கதவுக்கு ஆணி அடித்தது அவர்தானாம்.

"இப்பவும் சீக்கிரம் எறங்கலாம் தம்பி. ஒரே எட்டு, நேரா கீழதான்" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ஆணி பழசாகிவிட்டது, வேறு அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வகுப்புக்குப் போனதும் வாத்தியாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தேன். ஆனால் நான் உள்ளே போகும்போது எங்கள் வரைபடம் பலகையில் குத்தியிருந்தது. இருப்பதிலேயே சுத்தமான வேலை இதுதான் என்று வாத்தியார் எல்லோரிடமும் சொன்னார். சுவரின் கனம், ஜன்னல், கதவு திறக்கும் பக்கம், எல்லாம் சரியாக இருக்கிறதாம். முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாய் வரை வந்தது உள்ளேயே போய்விட்டது.

வகுப்பு முடிந்து எதிர்க்கடையில் நானும் டெய்லரக்காவும் டீ குடித்தோம். அவருடைய மாமியார் எட்டு மணி வரைதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாராம். வெட்டும் மேசையில் நின்று நின்று முழங்கால் போய்விட்டதாம். இந்தச் சான்றிதழ் கையில் வந்தால், கட்டடக் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கறதால வரேன். வேற எங்கயாச்சும் வச்சிருந்தா நான் எங்க வர்றது?" என்றார்.

நான் தலையாட்டினேன். டீ ஆறிப்போயிருந்தது. அவர் பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எப்போதும் போல "ஃபைலு, நாளைக்கு" என்று கையை ஆட்டினார். எனக்கு நாளைக்கு என்று சொல்பவர் அவர் ஒருவர்தான்.

மார்ச் 12, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அந்தக் கட்டடத்தின் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். போன வருடத்ததும் நிரவியது, அதற்கு முந்தையதும் நிரவியது. எங்கள் பிரிவில் என் நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் படிக்கட்டைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். படிக்கட்டுக்கு அது தெரியாது.

திருத்தக் குறிப்பு ஒன்றை எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பொதுவாகக் கேட்பது போல, மாடிக் கூடத்துக்கு ஒரே வழிதான் என்று தெரியவந்தால் என்ன செய்வார்கள் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன செய்வாங்க? அன்னைக்கே சீல் வச்சிடுவாங்க. ஏன், உனக்கு வேண்டியவங்க யாராவது அங்க இருக்காங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

பிறகு தேடிப் பார்த்தேன். சீல் வைத்த மாடிகளின் தாள்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. படிக்கட்டுக் கட்டித் திரும்பவும் திறந்ததாக ஒரு தாளும் என் கண்ணில் படவில்லை. திருத்தக் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேர்வு முடியும் வரை பொறுக்கலாம், இன்னும் இரண்டு மாதம்தானே, இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயம் மாதிரியே இருந்தது.

மாலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. தீயும் இல்லை, புகையும் இல்லை. வெறும் இருட்டு. முதலில் சிரித்தார்கள். ஒருவன் பேய் மாதிரி ஊளையிட்டான். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்கு வந்தோம். கீழே இரும்புக் கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் யாரோ சைக்கிளைக் குறுக்கே வைத்திருந்தார்கள். முன்னால் போனவர்கள் நிற்க, பின்னால் வந்தவர்கள் தள்ள, ஒருவர் முதுகில் ஒருவராக அப்படியே சிக்கிக்கொண்டோம். கொஞ்ச நேரம்தான். சைக்கிளைத் தூக்கி வீசியதும் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம்.

தெருவில் டெய்லரக்கா இல்லை.

மறுபடி மேலே போனேன். கூடத்தின் கோடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன். அடுக்கி வைத்த மேசைகளுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கி நுழைந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அந்தக் கதவில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கதவின் கீழ்ப்பக்கம் ஒரு விரல் அளவு விலகியிருந்தது. அதன் வழியாகத் தெரு வெளிச்சம் வந்தது.

நான் கத்தவில்லை. போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"அங்க ஒரே கூட்டம். அதான் நம்ம கதவு இருக்கேன்னு இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். மூச்சு வாங்கியது. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. "இன்னும் ரெண்டு தள்ளு தள்ளியிருந்தா தெறந்திருக்கும். எறுகிப்போய்க் கெடக்கு."

நம்ம கதவு என்றார்.

கீழே அழைத்து வந்து நூலகப் படியில் உட்கார வைத்தேன். எதிர்க்கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை நிரவியது, பின்தெருவில் பார்த்தது, காவலாளி சொன்னது, சட்டைப்பையில் இருக்கும் தாள், அதைக் கொடுத்தால் அன்றே மாடிக்குச் சீல் வைப்பார்கள் என்பது. அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நம்ம டீ குடிச்சப்பவே?"

"ஆமா."

உரிந்த முட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்புள்ள ஒருநாள் இங்க வந்து எனக்காகக் காத்திருந்துச்சு, ஞாபகம் இருக்கா? அந்த மேச மேலதான் ஏறி விளையாடிச்சு" என்றார். பிறகு, "அந்தத் தாளக் குடுத்துடு. எனக்காகன்னு வச்சுக்கிட்டு இருக்காத. எனக்காக ஒன்னும் நீ வச்சிருக்கல" என்றார்.

அது உண்மை. எனக்காகத்தான் வைத்திருந்தேன்.

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரம் இடம் இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் வரை நின்றேன். நாளைக்கு என்று சொல்லவில்லை. நாளைக்கு வகுப்பு இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

மின்சாரம் வந்ததும் ஒரு தடவை மாடிக்குப் போனேன். பலகையிலிருந்து எங்கள் வரைபடத்தை எடுத்து, கதவு இருந்த இடத்தை அழித்து, சுவராகக் கோடு போட்டேன். அழித்த தடம் தெரிகிறது. தெரியட்டும் என்று மறுபடி குத்தி வைத்தேன். கூடத்தில் யாரும் இல்லை. என் இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று வகுப்பு இல்லையா என்று மாமா கேட்டார். இனிமேல் இல்லை என்றேன். அக்கா பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லி எனக்கு இடம் ஒதுக்கினாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. இடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதைச் சமையலறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியது சரியாக இருக்கிறதா என்று திரும்பப் படிக்கப் போவதில்லை.

நாளை அலுவலகம் திறந்ததும் திருத்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுக் கண்காணிப்பாளர் மேசையில் வைக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுத வேண்டும். கட்டடத்தின் பெயரையும் பொது நூலகம், முன்தெரு என்று மாற்ற வேண்டும்.