பச்சைத் தண்ணீர்

ஆவி பறக்கும் இரண்டு வாளி வெந்நீரோடு ஜெபகனி பின்கட்டுக்கு வந்தபோது, ஜெயசெல்வி எழுந்து வழியை மறித்தாள்.

"மதினி, அது வேண்டாம்."

விடியற்காலையில் கணவரைப் பறிகொடுத்தவள் அதுவரை வாயே திறக்கவில்லை. பின்கட்டில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சின் மேல் கிருபாநிதி கண்மூடிக் கிடந்தார். வேதக் கோயிலில் துக்க மணி அடித்து ஓய்ந்திருந்தது. குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். மாலையில் அடக்கம்.

"மார்கழிக் குளிரு ஏளா," என்றாள் ஜெபகனி. "இந்த ஊதக்காத்துல எந் தம்பி மேல பச்சத் தண்ணியவா ஊத்தச் சொல்லுத?"

சாத்தான்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. அவளுக்கு எதுவும் தெரியாது. வெந்நீரைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கிருபாநிதி ஒரு கப்பல் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை வெயிலில் நின்று எண்ணிக் குறிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அடிக்குரல். அப்படிப்பட்டவர் ஒரு மத்தியானம் கால் பின்னிக் கீழே விழுந்தார். பாட்டுக்காரர் தண்ணி போட ஆரம்பித்துவிட்டார் என்று லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அடுத்து ஒரு கண் மங்கியது. பிறகு தானாகவே தெளிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில்தான் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய். வரும், போகும். போகும்போதெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

கம்பெனி எடுத்திருந்த இன்சூரன்ஸில், வேலை செய்ய முடியாமல் போனவருக்கு ஓய்வு வயதுவரை பாதிச் சம்பளம் உண்டு. டாக்டர் போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இல்லையென்றால் பெண்பிள்ளைகள் இருவரின் படிப்பையும் நிறுத்திவிட்டு, சாத்தான்குளத்தில் மதினி வீட்டில் போய் ஒண்ட வேண்டும்.

புதுத் துறைமுகம் திறந்த வருஷம், தை மாதக் குளிரில் முதல் போர்டு. கோயிலுக்குப் போகிறவர் போல முகச்சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனார் கிருபாநிதி. எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கிருபாநிதி வாயில், சிறுவயதிலிருந்து யார் கேட்டாலும் வருகிற பதில் வந்துவிட்டது.

"கர்த்தர் கிருபையில நல்ல சுகமா இருக்கேன்."

நடக்கச் சொன்னார்கள். குளிர்ந்த காலை நேரம். கால் சொன்னபடி கேட்டது. வேலைக்குத் தகுதியுள்ளவர் என்று எழுதிவிட்டார்கள்.

கம்பெனியின் பெரிய கிளார்க் சங்கரபாண்டியன் தலையில் அடித்துக்கொண்டார். "என்னவே பாட்டுக்காரரே! சுகம்னு சொல்லுததுக்கா உம்மைக் கூட்டிட்டுப் போனேன்?" திட்டிக்கொண்டே அப்பீலும் எழுதினார்.

இரண்டாவது போர்டு ஐப்பசி அடைமழையில் வந்தது. ஜெயசெல்வியும் உள்ளே போனாள். எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த டாக்டரும் கேட்டார். கிருபாநிதி மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடக்கச் சொன்னார். பாழாய்ப்போன கால் அன்றைக்கும் நடந்தது.

குளிப்பாட்டுவது யார் என்று அவளிடம் கேட்டார் டாக்டர்.

"நாந்தான் சார். பச்சத் தண்ணியில."

"இந்த மழையிலயா? ஏன்?"

"வெந்நி பட்டா அவுகளுக்குக் கால் விழுந்துரும் சார். கண்ணும் இருட்டிரும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பெரிய வாளி வெந்நீரும் கம்பளியும் கொண்டுவரச் சொன்னார். "புஸ்தகத்துல படிச்சிருக்கேம்மா. பாத்தாத்தான் எழுத முடியும். கொஞ்ச நேரம்தான், திரும்பச் சரியாயிரும்," என்றார்.

கம்பளியைப் போர்த்தியதும், வாளிக்குள் காலைத் தூக்கி வைத்ததும் அவள்தான். கிருபாநிதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றி வியர்த்தது. சட்டைக் கஞ்சி நனைந்து தளர்ந்தது.

"இப்ப எந்திரிங்க," என்றார் டாக்டர்.

அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் துழாவினார்.

"ஏளா, எங்கன இருக்க?"

"இங்கனதான் இருக்கேன்," என்று அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆனால் வெளியே ரிக்‌ஷாவில், பாதிச் சம்பளம் கிடைத்த சந்தோஷம் இருவருக்கும் வரவில்லை. மழைச்சாரல் பட்டுக் கண் தெளிந்த பிறகு கிருபாநிதி மெதுவாகச் சொன்னார். "இனிமே எனக்கு எதுக்கும் வெந்நி வேண்டாம் என்னா?"

"நான் வெந்நி வச்சாப் பாத்துக்கிடுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு எந்த மார்கழியிலும் வைக்கவில்லை. தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை மொண்டு முதல் செம்பைப் பாதத்தில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டு நிற்பாள். சில்லிப்பு ஏறியதும் அவர் "ம்" என்பார். "கால் இன்னும் நம்ம வீட்டுலதான் இருக்கு ஏளா," என்று சில நாள் சேர்த்துக்கொள்வார். அந்த "ம்" வருஷத்துக்கு வருஷம் தாமதமானது. அவள் காத்திருந்து பழகினாள். பெரியவள் டீச்சர் டிரெயினிங் முடித்தாள். சின்னவள் காலேஜுக்குப் போனாள். போன வாரம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது.

"ஏளா, தள்ளிக்க. தண்ணி ஆறுது," என்றாள் ஜெபகனி.

ஜெயசெல்வி நகரவில்லை.

"வெந்நி பட்டா அவுகளுக்குக் கால் விழுந்துரும் மதினி."

யாரோ ஒரு பெண் விசும்பினாள். ஜெபகனி தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். வாளிகளைச் சுவரோரம் வைத்தாள். தொட்டிக்குப் போய் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் மொண்டுவந்து, செம்பை எடுத்து அவளிடமே நீட்டினாள்.

ஜெயசெல்வி முதல் செம்பைப் பாதத்தில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நின்றாள்.

சுவரோரம் இரண்டு வாளிகளிலும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பிறகு அவள் குனிந்து அடுத்த செம்பை மொண்டாள்.