சோபாவுக்குப் பின்னால் ஒரு வால்வு

1

இந்தக் கதை ஒரு பேனரிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டீக்கடைக்கு இப்போது அதுதான் கூரை. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் சிவப்பு எழுத்து தெரியும்: ‘தீயை அணைக்காதீர்கள். முதலில் வால்வை மூடுங்கள்.’ பழைய கூரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

அன்று வானம் செக்கச்செவேலென்று— (இல்லை, வானம் சாதாரணமாகத்தான் இருந்தது.)

உயிரைத் துச்சமென மதிக்கும் நம் தீயணைப்பு வீரர்கள்— (கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.)

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கட்டுரையை இப்படித் தொடங்கத்தான் அதுவரை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே நேராகவே சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு நிறுவனம் கேஸ் கிணறு தோண்டியது. அங்கே ஏதாவது ஆனால் முதலில் ஓட வேண்டியவர்கள் எங்கள் தீயணைப்பு நிலையத்து ஆட்கள். அதனால் பயிற்சி கொடுக்க ஒருவரை அனுப்பினார்கள். என் அண்ணன் நிலையத்தில் தற்காலிக வேலையில் இருந்தான். பயிற்சித் திடலின் ஓரத்தில் அம்மாவின் டீக்கடை. டம்ளர் கழுவுவது நான்.

2

டீ கொடுக்கும் சாக்கில் நானும் வகுப்பில் நிற்பேன்.

“கேஸ் தீ எரியுதுன்னா பயப்படாதீங்க,” என்றார் பயிற்சியாளர். “அது எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. அவசரப்பட்டு அணைச்சீங்கன்னா கேஸ் மட்டும் வந்துகிட்டே இருக்கும். சிலிண்டர் கேஸ்னா தரையோட ஊர்ந்து போய் எங்கயாவது ஒரு அடுப்பைத் தேடிப் பிடிக்கும். அப்புறம் வெடிதான். அதனால முதல்ல வால்வை மூடணும். அதுவரைக்கும் சுத்தி இருக்கறது மேல தண்ணி அடிச்சுகிட்டே இருங்க.”

“அப்போ தீயை வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா சார்?” என்றான் அண்ணன்.

“ஆமா. அதுதான் கஷ்டம்.”

“எங்களுக்கா கஷ்டம்? வருஷக்கணக்கா அதைத்தானே சார் செய்யறோம்,” என்றது பின்வரிசை.

தேர்வில் எல்லோரும் தேறினார்கள். கேள்வியே ஒன்றுதான்: முதலில் என்ன செய்வீர்கள்? விடை திடலில் கட்டியிருந்த பேனரில் இருந்தது.

3

நிறைவு நாளில் செயல்விளக்கம். திடலின் நடுவில் சிலிண்டர் கேஸ் வரும் ஒரு குழாய். அதன் வாயில் தீ எரியும். வால்வு தள்ளி, வேப்பமரத்தடியில். நிழல் இருந்தது அங்கே மட்டும்தான். அதனால் சிறப்பு விருந்தினருக்கான சோபாவையும் அங்கேயே, வால்வுக்கு முன்னால் மரத்தை ஒட்டிப் போட்டார்கள். வால்வு அசிங்கமாகத் தெரிகிறதே என்று இரண்டு பக்கமும் பூந்தொட்டி அடுக்கினார்கள். தீயைக் கொளுத்திய பிறகுதான் விருந்தினர் வந்து உட்கார்ந்தார். இனி அவர் எழுந்து சோபாவை நகர்த்தினால்தான் வால்வுக்குக் கை எட்டும்.

“அவர் உக்காந்துட்டா எழுப்பற பேச்சே கிடையாது,” என்று நிலைய அதிகாரி எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

[விருந்தினரை ரொம்ப மட்டமாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். திருத்துகிறேன். நான் டீ நீட்டியபோது “நன்றிம்மா” என்றார். அப்படிச் சொன்னவர் அன்று அவர் ஒருவர்தான். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர் உட்கார்ந்தாலும் வால்வு மறையத்தான் செய்கிறது.]

4

அண்ணன் குழாயைச் சுற்றித் தண்ணீர் அடித்தான். தீ எரிந்தது. மறுபடியும் அடித்தான். எரிந்தது. புகைப்படக்காரர் கொட்டாவி விட்டார்.

“என்னப்பா இது?” என்றார் விருந்தினர். “இவ்வளவு தண்ணி அடிக்கிறாங்க, தீ அப்படியே நிக்குது?”

“சார், அதுதான் முறை,” என்றார் பயிற்சியாளர். “வால்வை மூடணும். அதுக்கு நீங்க கொஞ்சம்—”

அதிகாரி அவரைப் பார்த்தார்.

“—நீங்க கொஞ்சம் டீ சாப்பிடுங்க சார்,” என்று முடித்தார் பயிற்சியாளர்.

(இந்த இடத்தில் அவருடைய மனப்போராட்டத்தைப் பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அப்படி ஒன்று நடந்ததாக முகத்தில் தெரியவில்லை.)

அதிகாரி அண்ணனிடம் ஓடினார். “டேய், அணைடா!”

“சார், வால்வு...”

“அணைடான்னா! வேலை நிரந்தரம் ஆகணுமா, வேணாமா? கையெழுத்துப் போடறவர் அந்தா உக்காந்திருக்கார்.”

அண்ணன் நிமிர்ந்து பேனரைப் பார்த்தான். திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். காற்று தீயிலிருந்து கடையை நோக்கி வீசியது. அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டு, கூட்டத்துக்காக அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அண்ணன் அணைக்கிறான். கைதட்டல். படம் எடுக்கிறார்கள். எல்லோருடைய காலுக்கும் கீழே கேஸ் ஊர்ந்து, பெஞ்சைத் தாண்டி, அம்மாவின்—

இல்லை.

அண்ணன் ஹோஸைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய், “சார், ஒரு நிமிஷம் எந்திரிங்க,” என்கிறான். அவர் எழுந்துவிடுகிறார், அவ்வளவுதான். வால்வை மூடுகிறார்கள். மறுநாளிலிருந்து அண்ணன் என்னோடு உட்கார்ந்து டம்ளர் கழுவுகிறான். (எனக்கு இது பிடித்திருக்கிறது. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும்.)

நான் கத்துகிறேன்: “அம்மா, அடுப்பை நிறுத்து!” [அடித்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. எழும்பினால் நான் எதற்கு எழுதுகிறேன்?]

6

எது நடந்தது என்பது கூரைக்குத் தெரியும். நான் சொல்லப் போவதில்லை. பயிற்சியில் கற்றதை நானாவது கடைப்பிடிக்கிறேன்: வால்வை மூடாமல் அணைக்கக் கூடாது. அதனால் தீயை எரிய விட்டிருக்கிறேன். அண்ணன் கையில் ஹோஸ் இருக்கிறது. அதிகாரி கத்திக்கொண்டிருக்கிறார். அம்மா இன்னும் டீ ஆற்றுகிறாள். இவர்களை இப்படியே எத்தனை பக்கத்துக்கு வேண்டுமானாலும் என்னால் நிறுத்திவைக்க முடியும். ஆனால் அண்ணனுக்குக் கை வலிக்கும்.

நீங்கள் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்?

கொஞ்சம் எழுந்திருங்கள்.