மூன்று சதவீதம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு அவள் பின்பக்கக் கிடங்கைத் திறந்தபோது, மேல் வரிசையில் ஒரு டின் வீங்கியிருந்தது.

டின்னின் அடி குழிந்திருக்க வேண்டும். இது புடைத்து, தொட்டதும் ஆடியது. பக்கத்து டின்னை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

அவள் அந்த ஆலையில் பீர் காய்ச்சுகிறவள். ஆலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்பு டயர் அடுக்கி வைத்திருந்த கொட்டகையில் நான்கு டேங்க், ஒரு கொதிகலன், டின் அடைக்கும் இயந்திரம் ஒன்று. ஆட்கள் இரண்டு பேர், அவள், முதலாளி. முதலாளிக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்தில் நிற்பவரிடம் நேரம் கேட்டாலும் தெருமுனையில் இருப்பவர் பதில் சொல்வார். ஆட்கள் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

வீங்கிய டின்னைத் தொட்டிக்கு மேல் பிடித்துத் திறந்தாள். நுரை முழங்கை வரை அடித்தது. மிச்சத்தை டம்ளரில் ஊற்றி மோந்தாள். ஆரஞ்சுத் தோல் வாசனை அப்படியே இருந்தது. குடித்தாள். நடுநாக்கில் தெரிய வேண்டிய லேசான இனிப்பைக் காணோம். கசப்பு மட்டும் தண்ணீரில் தனியாக நின்றது.

அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அளந்து பார்த்தாள். இரண்டு டம்ளர்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி காற்றைப் போக்கினாள். கண்ணாடிக் குழலில் நிரப்பி ஹைட்ரோமீட்டரை இறக்கினாள். பீரில் சர்க்கரை மிச்சமிருந்தால் அது உயர்ந்து மிதக்கும். சர்க்கரை தீர்ந்து ஆல்கஹாலாகிவிட்டால் தாழும். தாழ்ந்தது. இன்னொரு டின்னை உடைத்தாள். அதுவும் தாழ்ந்தது.

டின்னின் மேல் மூன்று சதவீதம் என்று அச்சடித்திருந்தது. உள்ளே நான்கைத் தாண்டியிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணனைப் போலீஸ் பிடித்திருந்தது.

அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் மொடாக்குடியன். அண்ணி ஒரு தடவை தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். இன்னொரு தடவை அவன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். எத்தனை குடித்தாய் என்று கேட்டால் அவன் ஒரே பதில்தான் சொல்வான். "மூணுதான்." சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் மூணுதான். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு வந்தாலும் மூணுதான். அது வீட்டில் கேலியாகவே ஆகிப்போனது. பரீட்சையில் எத்தனை கேள்வி விட்டாய் என்று கேட்டால் அவன் மகள் கண்ணைச் சிமிட்டி, "மூணுதாம்மா" என்பாள்.

பிறகு ஒருநாள் நிறுத்தினான். ஒன்றரை வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. குடி போனதோடு கூட்டாளிகளும் போனார்கள். "ஜூஸ் கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு வீட்லயே உக்காந்திருக்கலாம்" என்று எங்கும் போகாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். டிவி ஓடாதபோதும் உட்கார்ந்தான்.

அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஆல்கஹால் குறைவாக, கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூ தாராளமாக ஒரு பீர். அண்ணி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள்தான் பின்னாலேயே போய்ப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மூன்றே மூன்று டின், மூன்று மணி நேரத்தில் மெதுவாக. குடித்துவிட்டு வண்டியே ஓட்டலாம், எந்த மெஷினும் ஒன்றும் சொல்லாது. அதற்கு நான் பொறுப்பு அண்ணி என்றாள்.

அந்த பீரில் நல்லது இல்லாமல் இல்லை. கையில் டம்ளர் இருக்கும், டம்ளரில் நுரை இருக்கும், எதிரே பேச ஆள் இருப்பான். மூன்றாவது டம்ளரிலும் பேச்சு கோணாது. மறுநாள் விடியலில் எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். ஆனால் ஆல்கஹால் குறைந்தால் பீர் சப்பையாகிவிடும். பின்னால் தாங்க ஒன்றுமில்லாமல் ஹாப்ஸின் கசப்பு தொண்டையில் முள்ளாக நிற்கும். வாசனையும் நிலைக்காது. ஒரு மாதத்தில் அது போய்விட்டால் மிஞ்சுவது பாத்திரம் கழுவிய தண்ணீர்தான்.

அவள் அதோடு மல்லுக்கட்டினாள். ஈஸ்டுக்குத் தின்னக் கிடைக்காத மாதிரி கொஞ்சம் சர்க்கரை மிஞ்சும்படி முளைகட்டிய பார்லியான மால்ட்டைக் கூடுதல் சூட்டில் ஊறவைத்தாள். வாய்க்கு ஒரு கனம் கிடைத்தது. கடைசியில், புளித்து முடிந்த டேங்கிலேயே கொதிக்க வைக்காத பச்சை ஹாப்ஸை மறுபடி கொட்டினாள். வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு மடங்கு.

பச்சை ஹாப்ஸ் சும்மா கிடக்காது. அந்த மிச்சச் சர்க்கரையை உடைத்து ஈஸ்டுக்கு ஊட்டிவிடும். ஈஸ்ட் எழுந்து மறுபடி தின்று ஆல்கஹாலையும் காற்றையும் கூட்டும். அது அடங்குகிற வரைக்கும் டேங்கிலேயே விட்டு, தினமும் அளந்து, பிறகுதான் டின்னில் அடைக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. முதலாளிகூட, "உன் இஷ்டம், நிதானமாப் பண்ணு" என்றுதான் கத்தினார். ஆனால் ஒரு நாள் காலை டேங்கின் மூடியைத் திறந்தபோது வாசனை உச்சத்தில் இருந்தது. அவள் வாழ்நாளில் காய்ச்சியதிலேயே அதுதான் நல்ல வாசனை. நாலு நாள் போனால் அதில் ஒரு இழை குறைந்துவிடும். "இன்னிக்கே அடைச்சிடலாம்" என்றாள்.

அப்போது குளிர் அறையில் இடமில்லாததால் பாதி டின்கள் மூன்று வாரம் பின்கிடங்கின் வெக்கையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அறிமுக விருந்துக்கு அவற்றைத்தான் ஐஸில் போட்டார்கள். கடைகளுக்கும் அவற்றிலிருந்தே அனுப்பியிருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். முன்கூடத்தில் நாலு பேருக்கு நடுவில் நின்று, பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் அடிக்கும் கூத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவள் ஊற்றிக்கொடுக்கிற மும்முரத்திலும் அந்தச் சிரிப்பைக் கேட்டாள். எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

இருட்டுவதற்குள் போன் வந்தது.

"ஊதச் சொன்னாங்க. கொஞ்சூண்டு தாண்டிடுச்சாம். லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க."

"எத்தனை குடிச்சே?"

"மூணுதாண்டி."

"எங்கிட்டயேவா?" என்றாள்.

"சத்தியமா மூணுதான். நீ சொன்ன மாதிரியே மெதுவா..."

"மூஞ்சில முழிக்காதே" என்று வைத்துவிட்டாள்.

இப்போது கிடங்கில் இன்னொரு டின் டப்பென்று ஒலித்தது. அவள் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"குளிர்ல வச்சா அடங்கிடும்ல?"

"இனிமே ஏறாது சார். ஏறினது இறங்காது."

"சரி. யார் அளந்து பாக்கப் போறா?"

"அளந்துட்டாங்களே. எங்கண்ணன் வாயில."

அவர் அவளையே பார்த்தார். "அவன் பழைய ஆளுதானே? மூணோட நிறுத்தினானா? நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்புறம் எப்படி மூணுங்கறே?"

அவள் முழங்கையில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்தாள்.

"கடைங்களுக்குப் போனதையெல்லாம் திருப்பி எடுக்கலாம். உனக்காகச் செய்றேன். எடுத்தா மொதல்ல என்ன கேப்பாங்க? அடைக்கச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. நான் சொல்லலையேம்மா. என் பேரு வெளிய போர்டுல இருக்கு. உன் பேரு டின்லயே இருக்கு." டின் ஒன்றை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கையெழுத்தைப் பச்சை நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். "இந்த வேலையில அப்புறம் உன்னை எவன் டேங்க் பக்கம் விடுவான்? நான் ஒண்ணும் சொல்லல. நீ என்ன சொல்றியோ அதுதான்."

ஜன்னலுக்கு வெளியே ஆட்களில் ஒருவன் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த டேங்க் அவள் கையில் வருவதற்கு அவள் பதினோரு வருஷம் மூட்டை தூக்கியிருந்தாள்.

"வீங்கினதைக் கொட்டிடறேன்" என்றாள். "மத்ததை குளிர் ரூமுக்கு மாத்திடலாம்."

"அவ்வளவுதான்" என்றார் அவர், பழைய குரலில். வெளியே கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

மத்தியானம் வரை டின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். இறுகியிருந்ததைத் தனியே எடுத்தார்கள். அவளே தொட்டிக்கு மேல் பிடித்து உடைத்தாள். கொட்டகை முழுக்க ஆரஞ்சுத் தோல் மணத்தது.

"என்னக்கா, இவ்ளோ நல்லா மணக்குது, கொட்டறீங்க?" என்றான் ஆட்களில் மூத்தவன்.

"அடைப்பு சரியில்ல."

"அப்ப எனக்கு ரெண்டு குடுங்க. எனக்கு அடைப்பு எதுக்கு, வாயைத் திறந்துதானே குடிக்கப் போறேன்?"

"வேலையைப் பாரு" என்றாள். அவள் போட்ட சத்தத்தில் அவன் சிரிப்பை விழுங்கினான்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணி வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் நீல மேலங்கியோடு, குடையை மடக்கிக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உள்ள வாங்க அண்ணி, உக்காருங்க."

"இருக்கட்டும். அரை மணிதான் பர்மிஷன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஸ்கூல்ல வரவேணாம்னுட்டாங்க. அது போகட்டும். மூட்டை தூக்கியாவது சாப்பிடலாம்."

"லைசென்ஸ் திரும்ப..."

"அதைப் பேச வரல." அண்ணி தொட்டியில் ஓடும் நுரையைப் பார்த்தாள். "ரெண்டு நாளா அதே பேச்சு. மூணுதான், மூணுதான்னு. பொண்ணு முகத்தைப் பாத்துச் சொல்றான். அவ எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டா. ஒன்றரை வருஷம் கழிச்சு மறுபடி பொய் சொல்றவனோட என்னால முடியாது. பெட்டியைக் கட்டி வச்சுட்டேன்."

"அவசரப்படாதீங்க அண்ணி."

"அவசரப்பட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன்." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "அழுதான். குடிக்காம அவன் அழுது நான் பாத்ததில்ல. அதான் மனசு கேக்கல. அவனை விடு. இதைக் காய்ச்சினவ நீ. உனக்குத்தான் தெரியும். நீ சொன்னா நான் நம்பறேன். மூணு டின் குடிச்சா, அந்த மெஷின் அவ்வளவு காட்டுமா?"