எஃப் எட்டில் தெரிந்த சுவர்

1.

இந்தக் கதை நான் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புனேத் தமிழர்கள் தங்கள் பயணப் படங்களையும் பூ, மரப் படங்களையும் பகிரும் வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்துகிறேன். எல்லாரும் மிர்ரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ் மாட்டி எடுப்பவர்கள். பழைய லென்ஸ் தன்னைப் பற்றிக் கேமராவுக்கு எதுவும் சொல்லாது. ஆகவே இடம், லென்ஸ், எஃப் எண்* மூன்றையும் கையால் எழுத வேண்டும் என்பது நான் போட்ட விதி.

நார்மன் மட்டும் இடத்தை எழுதமாட்டார்.

(* எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறுக்கும், பின்னால் இருப்பது தெளியும்.)

2.

ஸ்டேஷனில் இறங்கி இடப்பக்கம் திரும்பினால்

[வேண்டாம். புனேயிலிருந்து போகும் லோனாவ்ளா லோக்கல் ரயில் நிற்கும் ஏதோ ஓர் ஊர்.]

நார்மன் அங்கே ராணுவக் கிடங்கில் எழுத்தர். ஓய்வுக்குப் பதினான்கு மாதம். வேலைக்குப் போகும் வழியில் படம் எடுப்பார், எப்போதும் எஃப் இரண்டில். பூ கூர்மையாக நிற்கும். பின்னால் எல்லாம் சுழன்று பச்சைக் கூழாகிவிடும்.

"ஒரு தடவை எஃப் எட்டுல எடுங்க நார்மன், பின்னாடி என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்று எழுதினேன்.

"பின்னாடி ஆன்ட்டிக்குத் தெரியாம யாராவது நிக்கிறாங்களா அங்கிள்?" என்றான் ஐ.டி.க்காரன் கிட்டு. பதினோரு பேர் சிரித்தார்கள். நானும்.

மறுநாள் எஃப் எட்டில் புரசம்பூ வந்தது. பின்னால் சுவர், காவல் கோபுரம், 'படம் எடுக்கத் தடை' என்ற பலகை. நான் பூவைத்தான் பார்த்தேன். 'அருமை' என்று எழுதி, வேறு மூன்று குழுக்களுக்கும் அனுப்பினேன்.

3.

[இங்கே நார்மனை என்னால் நம்பமுடியவில்லை. விஷயம் தெரிந்த மனிதர் எப்படிப் போட்டார்? கிட்டுவின் கேலிக்குப் பதிலாக என்று எழுதினேன். போதவில்லை. அவருக்கே போன் செய்தேன்.]

"அட்மின் கேட்டா குடுக்கணும்லா சார். முப்பத்தோரு வருசமா மேல இருந்து கேட்டதெல்லாம் குடுத்தே பழகிட்டு. இப்ப ஆபீஸ்லயே ஒருத்தன் போன்ல அந்தப் படம் கெடக்கு. ஆபீசர் சாப் இன்னும் பாக்கல."

பின்னால் அவர் மனைவி மில்ட்ரெட்டின் குரல்: "எத்தன குரூப்புக்கு அனுப்புனாராம்? கேளுங்க!"

"மூணு" என்றேன்.

"அந்த மூணுல இருந்து?"

நான்கு குழுக்களிலும் அழித்தாயிற்று. யார் யார் எடுத்து வேறெங்கே அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பட்டியல் எழுதிவருகிறேன். நாற்பத்தாறு பேர் சொல்லிவிட்டார்கள். பதினேழு பேர் இன்னும் சொல்லவில்லை.

4.

முடிவு அ: யார் கண்ணிலும் படவில்லை. பதினான்கு மாதம் கழித்து நார்மனுக்கு மாலை, சால்வை, குரூப் போட்டோ.

முடிவு ஆ: திங்கட்கிழமை காலை சாப் அவரை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி

இதற்கு மேல் எழுத வரவில்லை. நார்மன் இன்றும் வேலைக்குப் போயிருக்கிறார். எந்த முடிவு என்பது என் கையை விட்டுப் போய்ப் பல நாள் ஆகிறது. அந்தப் பதினேழு பேரில் ஒருவர் உங்களுக்கும் அனுப்பியிருக்கலாம். போனைத் திறந்து பாருங்கள். பூ நன்றாகத்தான் வந்திருக்கிறது. இருந்தாலும் அழித்துவிடுங்கள்.